தண்ணீர் மேசை அக்கா

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினாலும் அவரை அறிந்த பலருக்கு அது யாரென்று விளங்காது. ஓட்டப் போட்டி நாட்களில் அவர் கழுத்தில் தொங்கிய அட்டையில் ‘அக்கா’ என்றுதான் இருந்தது. நான் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் பெயராக்கும் என்று நினைத்து எங்கள் பொறுப்பாளர் தடித்த கறுப்பு மையில் எழுதிக் கொடுத்த அட்டை அது. பொறுப்பாளர் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். அறுபது தாண்டிய, நெடிய வெள்ளைக்காரர். அவர் “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னால் திரிவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரும். அக்கா திருத்தவே இல்லை.

“கூப்பிடட்டுமன். நல்ல பேர்தானே” என்றார். பதிலுக்கு அவர் பொறுப்பாளருக்கு ஒரு பெயர் வைத்தார். எந்நேரமும் கழுத்தில் விசில் தொங்கியதால் அவர் ‘கப்டன்’.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது சேவை மனப்பான்மையால் அல்ல. பன்னிரண்டு வருடம் வேலை பார்த்த காப்புறுதி நிறுவனம் எங்கள் பிரிவை மூடிவிட்டிருந்தது. இல்ஃபோர்டில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருந்துகொண்டு நாள் முழுவதும் விண்ணப்பம் அனுப்பினேன். வேலை தேட உதவிய பெண் ஒருத்தி, “சும்மா இருந்த மாதங்கள் சிவியில் தெரியக்கூடாது, எங்கேயாவது தொண்டு வேலை செய்யுங்கள்” என்றாள். கிழக்கு லண்டனில் வசந்த காலத்தில் நடக்கும் ஓர் அரை மரதன் ஓட்டத்துக்கு ஆட்கள் தேவை என்று கண்டு பெயர் கொடுத்தேன். அவ்வளவுதான்.

முதல் கூட்டம் இல்ஃபோர்டுக்குப் பக்கத்து ஊரான பார்க்கிங்கில், ஒரு விளையாட்டு மைதானத்தின் கட்டடத்தில். வட்டமாக நாற்காலி போட்டு, ஒவ்வொருவரும் ஏன் வந்தோம் என்று சொல்லச் சொன்னார் கப்டன். பல்கலைக்கழக மாணவி ஒருத்தி தன் படிப்புக்கு இது தேவை என்றாள். நைஜீரியாவிலிருந்து வந்து இங்கே பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர், “வீட்டிலே காலைச் சுற்றிக்கொண்டு நிற்காதே என்று மனைவி துரத்திவிட்டாள்” என்றார். நான், இந்தச் சமூகத்துக்கு ஏதாவது திருப்பிக் கொடுக்க விரும்புகிறேன் என்று கூசாமல் சொன்னேன். எனக்குப் பக்கத்தில் நீலக் கம்பளிச் சட்டையும் பொட்டுமாக இருந்த குள்ளமான பெண் தன் முறை வந்ததும் ஒரே ஒரு சொல் சொன்னார்.

“ஜாக்கெட்.”

தொண்டர்களுக்குக் கொடுக்கும் மழை ஜாக்கெட்டைத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கூட்டம் முடிந்ததும் என் பக்கம் திரும்பி, “பிள்ளை எவடம்? யாழ்ப்பாணமோ?” என்றார். ஓம் என்றேன். “முகத்திலை எழுதியிருக்கு” என்றார். அன்றிலிருந்து அக்கா.

அந்த ஜாக்கெட்டை அவர் போட்டு நான் ஒருநாளும் கண்டதில்லை. அவருடைய மனுசன்தான் தங்கள் பலசரக்குக் கடைக்குச் சாமான் இறக்கும்போது அதைப் போட்டிருப்பார். ஏன் இந்த வேலைக்கு வருகிறீர்கள் என்ற கேள்விக்கு அக்கா ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார். டொக்டருக்கு, “நடந்தால் சீனி குறையும்.” கோயிலில் கேட்டவர்களுக்கு, “புண்ணியம்.” கடைக்கு வரும் சனத்துக்கு, “கடையிலை நிண்டு உங்கடை முகத்தைப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு.” எனக்கு, “ஞாயிற்றுக்கிழமை காலமை லண்டன் ரோட்டு நடுவிலை நிக்கிற சுகம் உமக்குத் தெரியாது.” எல்லாமே கொஞ்சம் உண்மை போலத்தான் இருந்தது.

விளையாட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. முன்னுக்கு ஓடுகிறவர்கள் அம்பு மாதிரிப் போவார்கள். அவர்கள் எங்கள் மேசையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் அக்கா குனிந்து கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருப்பார். பின்னேரம் வீட்டில் மனுசன், “ஆர் வெண்டது?” என்று கேட்டால், “ஆரோ ஒரு மெல்லிய பொடியன்” என்பாராம். மூச்சு வாங்க, முகம் சிவந்து, வேர்த்து ஒழுகி, ஏன்தான் வந்தோம் என்ற முகத்தோடு வருகிறவர்கள்தான் அவருடைய ஆட்கள். அவர்களைத் தூரத்தில் கண்டதுமே ஆள் மாறிவிடும். ஒரு கையில் கோப்பையை ஏந்தியபடி, “ஹொப்! ஹொப்! ஹொப்!” என்று கத்துவார். ஓடுகிறவர்கள் அது தமிழ் என்று நினைத்தார்கள். தெருவோரம் நின்ற நம்மவர்கள் இங்கிலிஷ் என்று நினைத்தார்கள். அது சுவிஸ். அக்காவும் மனுசனும் அங்கே இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டுத்தான் பிள்ளைகளின் படிப்புக்கென்று லண்டனுக்கு வந்திருந்தார்கள். சுவிஸில் ஓடுகிறவர்களைப் பார்த்து எல்லோரும் அப்படித்தான் கத்துவார்களாம்.

யாராவது தன்னிடம் ஏதாவது கேட்டுவிட்டால் அவருக்கு வரும் சந்தோஷத்தை நான் வேறு எவரிடமும் கண்டதில்லை. ஒருமுறை இருவரும் இல்ஃபோர்ட் ஸ்டேஷன் வாசலில் நின்றோம். பெரிய மழை ஓய்ந்து சனம் நெரிந்துகொண்டிருந்தது. தலைப்பாகை கட்டிய ஒரு முதியவர் வந்து, கண் ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் என்று அக்காவிடம் கேட்டார். அக்காவுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனமில்லை. என்னை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, அந்த முதியவரோடு ஒவ்வொரு பஸ் தரிப்பாகப் போய்ப் பலகையை வாசித்து, கடைசியில் தானும் ஏறி, அவரை ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டு வந்தார். எங்கள் ரயில் எப்போதோ போய்விட்டது. எனக்குக் கோபம். அக்காவின் முகத்தில் கல்யாண வீட்டுக்குப் போய்வந்த களை.

“அவ்வளவு சனத்துக்குள்ளை என்னட்டையெல்லோ வந்து கேட்டவர்” என்றார்.

ஆனால் தான் மட்டும் யாரிடமும் எதுவும் கேட்கமாட்டார். பெரிய கடையில் உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்காமல் எல்லா வரிசையும் சுற்றுவார். முழங்கால் நோவோடு இரண்டு பை நிறையச் சாமானைத் தூக்கிக்கொண்டு படியேறுவார். கை கொடுக்கப் போனால், “விடும், எனக்கு ஏலும்” என்று பையை இழுத்துக்கொள்வார். ஒரு போட்டி நாளில் அவருக்குத் தலை சுற்றி, முகம் வெளுத்துப்போயிற்று. முன்னால் மேசை நிறையத் தண்ணீர். “அக்கா, ஒரு கோப்பை குடியுங்கோ” என்றேன். “அது ஓடுற ஆக்களுக்கு” என்றார். நான் எடுத்து வாயருகே கொண்டுபோன பிறகுதான் குடித்தார்.

இந்தச் சம்பளமில்லாத வேலை அவருடைய சொந்தக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. ஹரோவில் நடந்த ஒரு பிறந்தநாள் விழாவுக்கு என்னையும் கூட்டிப் போயிருந்தார். அங்கே அவருடைய மச்சாள் ஒருவர் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

“உமக்கென்ன விசரோ? விடிய எழும்பிப் போய் றோட்டிலை நிண்டு தண்ணி ஊத்துறீராம். சும்மாவாம். கோயில்லை அன்னதானத்துக்கு ஊத்தினாலும் பரவாயில்லை. ஆரெண்டே தெரியாத ஆக்களுக்கு!”

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “கோயில்லை தண்ணி ஊத்த நிறையப் பேர் நிக்கினம் மச்சாள். என்னைத் தள்ளிப்போட்டு ஊத்துகினம்.”

மேசை முழுவதும் சிரித்தது. மச்சாள் சிரிக்கவில்லை.

மூன்றாவது வருடம் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. சிவிக்கு இனி இது தேவையில்லை. ஆனாலும் போனேன். ஏன் போகிறேன் என்று அப்போது யோசிக்கவில்லை. அந்த வருடப் போட்டி நாள் எதிர்பாராத வெயில். ஏப்ரலில் லண்டனில் அப்படி ஒரு வெயிலை நான் அதற்கு முன் கண்டதில்லை. மேசை மேசையாகத் தண்ணீர் தீர்ந்தது. ஓடுகிறவர்கள் தெருவோரத்தில் உட்காரத் தொடங்கினார்கள். அக்கா மேசைக்குக் கீழே ஒளித்து வைத்திருந்த பெரிய போத்தலை எடுத்தார். வீட்டில் கரைத்த தேசிக்காய்த் தண்ணீர், அதாவது எலுமிச்சைச் சாறு. உப்பும் கொஞ்சம் சீனியும் போட்டது. வெளியிலிருந்து கொண்டுவரும் எதையும் ஓடுகிறவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

“அக்கா, வேண்டாம்” என்றேன்.

“அந்தப் பிள்ளையின்ரை முகத்தைப் பாரும்” என்றார்.

மேசைக்கு முன்னால் பருத்த உடம்பு கொண்ட ஓர் இளம் பெண் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். இறந்துபோன தகப்பனின் படம் போட்ட பனியன். இனி ஏலாது, விட்டுவிடப் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா அவள் பக்கத்தில் குந்தியிருந்து தேசிக்காய்த் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தார். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. படத்தைக் காட்டி, “அப்பா?” என்று கேட்டார். அந்தப் பெண் தலையாட்டினாள். “நல்ல முகம்” என்றார். சிறிது நேரம் கழித்து அவள் எழுந்து நடந்தாள். பிறகு மெல்ல ஓடினாள். ஓடி முடித்தாள் என்று பின்னால் அறிந்தோம்.

போத்தல் காலியாகும் வரை இன்னும் சிலருக்கும் கொடுத்தார். அவர்களில் ஒருவர் முடிவுக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். முதலுதவிக்காரர்கள் தூக்கிப் போனார்கள். தேசிக்காயாலா வெயிலாலா என்று யாருக்கும் தெரியாது. பின்னேரமே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். ஆனால் ‘அக்கா’ என்று அட்டை மாட்டிய பெண் ஏதோ புளிப்பாகக் கொடுத்தார் என்று முறைப்பாடு எழுதிவிட்டார்.

அடுத்த கிழமை கப்டன் எங்களைக் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது என்று எனக்குப் பட்டது. ஒருவருக்கு என்ன ஒவ்வாது என்று நமக்குத் தெரியாது, அவர் செத்திருந்தால் என்ன செய்வோம் என்று மட்டும் கேட்டார். பிறகு, அடுத்த போட்டியிலிருந்து அக்கா பைகள் வாங்கி வைக்கும் கூடாரத்தில் நிற்கட்டும் என்றார். அக்கா எழுந்து போய்விட்டார்.

அதே ஆட்கள் இலையுதிர் காலத்தில் நடத்தும் சின்னப் போட்டிக்கு அவர் வரவில்லை. போன் பண்ணினேன், அவர் எடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை பார்க்கிங் ஊரில் இருந்த அவர்களுடைய கடைக்கே போனேன். மனுசன் வெங்காய மூட்டையை இறக்கிவிட்டு, “மேலை இருக்கிறா. ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை. நீங்கள் சொல்லிப் பாருங்கோ” என்றார். கடைக்கு மேல்தான் வீடு. அக்கா சாய்வு நாற்காலியில் இருந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“கப்டன் சொன்னது சரிதான்” என்று தானே தொடங்கினார். “அந்த மனுசனுக்கு ஏதும் நடந்திருந்தா நான் என்ன செய்திருப்பன்? நான் அதுக்காகக் கோவிக்கேல்லை.”

“பிறகேன் வரேல்லை அக்கா? பை வாங்கி வைக்கிறதும் வேலைதானே?”

“வேலைதான். பையைத் தந்துபோட்டுப் போகினம். பேந்து வந்து எடுத்துக்கொண்டு போகினம். அங்கை என்னட்டை ஒருத்தரும் ஒண்டும் கேக்காயினம்.”

எனக்கு விளங்கவில்லை. அவர் துணியை ஒதுக்கி வைத்தார். பிறகுதான் சுவிஸ் கதையைச் சொன்னார்.

அவர் கல்யாணம் முடித்துப் போன புதிது. சூரிச்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அகதிகளுக்கென்று கொடுத்த மாடி அறை. மனுசன் விடியப் போய் ஒரு ரெஸ்டோரன்டில் கோப்பை கழுவிவிட்டு நடுச்சாமத்தில் வருவார். அக்காவுக்குப் பாஷை தெரியாது. வெளியே போனால் கேட்கத்தான் வேண்டியிருந்தது. விசா கேட்க வேண்டும், வேலை கேட்க வேண்டும், வழி கேட்க வேண்டும். கேட்டுக் கேட்டு வெட்கமாகிப் போய், வெளியே போவதையே விட்டுவிட்டார்.

“ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழை ஒரே சத்தம். எட்டிப் பார்த்தா சனம் ஓடுது. எனக்குப் பயம். சனம் ஓடினா எங்களுக்கு வேறை என்ன நினைவு வரும்? பேந்து பார்த்தா சிரிச்சுக்கொண்டு ஓடுகினம். சட்டைக்கு மேலை மனுசன்ரை கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கி வாசல்லை நிண்டனான். ஒருத்தன் இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு எனக்கு முன்னாலை வந்து நிண்டான். கையை நீட்டி, வாசர் எண்டான். தண்ணியாம். எனக்குத் தெரிஞ்ச நாலைஞ்சு சொல்லிலை அதொண்டு.”

“குடுத்தீங்களோ?”

“மாடிக்கு ஓடினன். ஊரிலையிருந்து கொண்டுவந்த சில்வர் பேணி நிறையத் தண்ணி கொண்டுவந்து குடுத்தன். குடிச்சுப்போட்டுக் கும்பிடுற மாதிரித் தலையைக் குனிஞ்சான். அதைக் கண்டு அடுத்தவன் வந்தான். பேந்து இன்னொருத்தி. நான் படியிலை ஏறுறதும் இறங்குறதும்தான். கீழ் வீட்டு மனுசி என்னோடை ஒருநாளும் கதைச்சதில்லை. அவ ஒரு வாளித் தண்ணியும் கோப்பையளும் கொண்டுவந்து எனக்குப் பக்கத்திலை வைச்சா. மத்தியானம் வரைக்கும் ரெண்டுபேரும் நிண்டனாங்கள்.”

ஒதுக்கி வைத்த துணியை மறுபடி எடுத்து மடியில் வைத்தார்.

“அந்த நாட்டிலை முதன்முதல் என்னட்டை ஒருத்தன் ஒண்டு கேட்டது அண்டைக்குத்தான் பிள்ளை. அதுவரைக்கும் நான்தான் எல்லாரிட்டையும் கேட்டுக்கொண்டு திரிஞ்சனான்.”

கப்டனோடு நான் கதைக்கிறேன், நீங்கள் கேட்கத் தேவையில்லை என்றேன். அவர் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வசந்தகாலக் கூட்டத்துக்கு அக்கா வந்தார். நல்ல சேலை உடுத்து, மேலே குளிர்ச்சட்டை போட்டிருந்தார். எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது நேராகக் கப்டனிடம் போனார். நான் தள்ளித்தான் நின்றேன், ஆனால் கேட்டது. அவருடைய இங்கிலிஷ் எப்போதும் துண்டு துண்டாகத்தான் வரும்.

“ஸொறி. இனி லெமன் இல்லை. எனக்கு மேசை வேணும்.”

கப்டன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அக்காவின் கை சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது. உப்பு எங்கே என்று கேட்க வெட்கப்பட்டு வரிசை வரிசையாகச் சுற்றிய மனுசி, இத்தனை பேருக்கு நடுவே ஒன்றைக் கேட்டுவிட்டுக் காத்து நின்றார். “ப்ளீஸ்” என்று இன்னொரு சொல்லும் சொன்னார்.

கப்டன் தன் நீளமான உடம்பை வளைத்துக் குனிந்து, “எந்த மேசை வேண்டும்?” என்று கேட்டார்.

“கடைசி மேசை” என்றார் அக்கா. முடிவுக்கோட்டுக்கு முந்திய மேசை. ஏலாமல் வருகிறவர்கள் எல்லோரும் கட்டாயம் நிற்கிற இடம்.

அதற்குப் பிறகு சில வருடங்கள் நாங்கள் அந்த மேசையில்தான் நின்றோம். தேசிக்காய் வரவே இல்லை. பின்னர் அவருடைய மகளுக்குக் கனடாவில் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, பார்க்கப் போன அக்கா அங்கேயே தங்கிவிட்டார். மனுசனும் கடையை விற்றுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். போகும்போது அக்கா அழவில்லை. “மேசையை விட்டிடாதையும்” என்று மட்டும் சொன்னார். நான் விடவில்லை. ஏன் போகிறீர்கள் என்று இப்போது என்னைக் கேட்கிறார்கள். நானும் ஆளுக்கொரு பதில் சொல்கிறேன்.

அவர் போன பிறகு வந்த முதல் போட்டி. என்னோடு அந்த பஸ் ஓட்டியவரும் புதிதாக வந்த இரண்டு பேரும் நின்றார்கள். முன்னணிக்காரர்கள் போய் முடிந்து, நடக்கிறவர்களும் நொண்டுகிறவர்களும் வரத் தொடங்கியிருந்தார்கள். நரைத்த தாடி வைத்த ஜமைக்காக்காரர் ஒருவர் வருடாவருடம் ஓடுவார். எங்களுக்கு முகம் தெரியும், பெயர் தெரியாது. நான் நீட்டிய கோப்பையை வாங்கவில்லை. மேசையின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரை பார்த்தார்.

“அக்கா எங்கே?” என்று கேட்டார்.

கனடாவுக்குப் போய்விட்டார் என்றேன். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்த ஒரு பெண்ணும் நின்றாள். “உடம்புக்கு ஒன்றுமில்லையே?” என்றாள். இவர்களுக்கெல்லாம் அவரைத் தெரியும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வருடத்தில் ஒரு நாள், ஒரு கோப்பை தண்ணீர் குடிக்கிற நேரம், அவ்வளவுதான் பழக்கம்.

எனக்கு என்ன தோன்றியதோ, போனை எடுத்து அழைத்தேன். அங்கே விடியற்காலை. அக்கா எழும்பித்தான் இருந்தார். பேரப்பிள்ளையின் சத்தமும் கேட்டது.

“அக்கா, இஞ்சை மேசையிலை நிக்கிறம். ஓடுற ஆக்கள் உங்களைக் கேக்கினம்.”

“என்னத்தைக் கேக்கினம்?”

“உங்களைத்தான் அக்கா. அக்கா எங்கை எண்டு கேக்கினம்.”

லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை. பிள்ளையின் மழலை கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஜமைக்காக்காரர் போனுக்காகக் கையை நீட்டியபடி நின்றார். கொடுத்தேன். என்ன பேசினார்களோ, அவர் ஓமோம் என்பதுபோல் இரண்டு தரம் தலையாட்டிவிட்டுக் கோப்பையை வாங்கிக் குடித்தார். போனை என்னிடம் தந்துவிட்டு ஓடத் தொடங்கினார்.

“அக்கா?” என்றேன்.

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. குரல் மட்டும் பழைய குரல்தான்.

“இன்னும் ஆக்கள் வருகினமோ?”

திரும்பிப் பார்த்தேன். தெரு வளைவு வரை ஆட்கள். நடந்தும், ஒருவர் தோளை ஒருவர் பிடித்தும் வந்துகொண்டிருந்தார்கள்.

“ஓம் அக்கா. நிறையப் பேர்.”

“அப்ப ஏன் என்னோடை கதைச்சுக்கொண்டு நிக்கிறீர்? போனை வையும்” என்றார். நான் வைக்குமுன் அவரே வைத்துவிட்டார்.